ஃபில்டர் பிரஸ்ஸுக்கு ஏர் டயாபிராம் பம்ப்: நின்று நின்று ஓடுகிறது, மோட்டார் பம்புக்கு மாறிவிடலாமா?

திருப்பூர்_ஈடிபி
வணக்கமுங்க. சாயப்பட்டறை ஒன்றில் ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) பார்க்கிறேன். ஸ்லட்ஜை (கழிவுச் சகதி) ஃபில்டர் பிரஸ்ஸுக்கு, அதாவது துணிகளுக்கு நடுவே அழுத்தித் தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு, ஏற்ற 2 இன்ச் ஏர் டயாபிராம் பம்ப் வைத்திருக்கிறோம், அலுமினிய பாடி. பிரஸ் காலியாக இருக்கும்போது நன்றாக அடிக்கிறது. அரை மணி நேரம் போனால் வேகம் குறைந்து, அப்புறம் ஒரேயடியாக நின்றுவிடுகிறது. சில நேரம் பிரஸ் நிறையாமலேயே நிற்கிறது, அப்போது ஆட்கள் சென்டர் பிளாக்கில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் மறுபடி ஓடும். வெளியே 38 டிகிரி வெயில், ஆனால் காற்று வெளியேறும் சைலன்சர் மேல் வெள்ளையாக ஐஸ் படிகிறது. டயாபிராம் அடிக்கடி கிழிகிறது. முதலாளி இதைக் கழற்றி எறிந்துவிட்டு மோட்டாரில் ஓடும் ஸ்குரூ பம்ப் போடச் சொல்கிறார். இதே ரகத்தில் இன்னொரு பம்ப், கலெக்‌ஷன் டேங்கில் இருந்து ஈக்வலைசேஷன் டேங்குக்குத் தண்ணீர் மாற்றுகிறது, அதையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

பால்வால்வு
தம்பி, ராணிப்பேட்டைப் பக்கம் கெமிக்கல் ஆலைகளில் மெயின்டனன்ஸ் பார்ப்பவன் நான், இந்த பம்போடுதான் தினமும் வேலை. எதையும் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரஸ் நிறைந்தபின் பம்ப் நிற்பது கோளாறே கிடையாது, அப்படி நிற்பதற்காகத்தான் ஃபில்டர் பிரஸ்ஸுக்கு இந்த பம்பைப் போடுகிறோம். பிரஸ் நிறையாமல் பாதியில் நிற்பது, சுத்தியலால் தட்டினால் ஓடுவது, ஐஸ் பிடிப்பது, டயாபிராம் கிழிவது, இவை கோளாறு. அந்த நான்கும் பெரும்பாலும் காற்றிலும், உறிஞ்சும் பக்கமான சக்‌ஷனிலும் இருந்து வரும், பம்பிலிருந்து அபூர்வமாகத்தான் வரும்.

இவற்றைச் சொல்லுங்கள். ஏர் லைனில் என்ன பிரஷர், ரெகுலேட்டர் இருக்கிறதா? காற்றின் ஈரத்தை நீக்கும் டிரையர் உண்டா? சக்‌ஷன் பைப் என்ன சைஸ், குழி எவ்வளவு ஆழம்? ஸ்லட்ஜின் பிஎச் என்ன? கிழிந்த டயாபிராமைத் தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள், அது எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது என்பதே பாதி விடை.

கெமிக்கல்_மூன்றாமாண்டு
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும் அண்ணா. டிப்ளமோ படிக்கிறேன், புத்தகத்தில் படம் மட்டும்தான் இருக்கிறது. மோட்டார் இல்லாமல், வெறும் காற்றை வைத்து இது எப்படித் தானாக முன்னும் பின்னும் ஓடுகிறது? அடைத்தால் ஏன் வெடிக்காமல் நிற்கிறது?

பால்வால்வு
நல்ல கேள்வி, இது புரிந்தால் மேலே உள்ள பிரச்சினை முக்கால்வாசி புரியும்.

பம்பின் நடுவில் இருப்பது சென்டர் பிளாக், அதற்குள் ஏர் வால்வு. இடப்பக்கம் ஓர் அறை, வலப்பக்கம் ஓர் அறை. ஒவ்வோர் அறையிலும் ஒரு டயாபிராம், வட்டமான ரப்பர் தட்டு. அதன் உட்பக்கம் காற்று, வெளிப்பக்கம் திரவம். இரண்டு டயாபிராமையும் நடுவே ஒரு ஷாஃப்ட் இணைக்கிறது. அறைக்குக் கீழே ஒரு பால் (வால்வாக வேலை செய்யும் உருண்டை), மேலே ஒரு பால், ஆக மொத்தம் நான்கு பால், அவை உட்கார நான்கு சீட். கீழே உள்ள மேனிஃபோல்டு சக்‌ஷன், மேலே உள்ளது டெலிவரி.

ஏர் வால்வு இப்போது இடப்பக்க டயாபிராமின் பின்னால் காற்றை விடுகிறது என்று வையுங்கள். அந்த டயாபிராம் வெளியே தள்ளப்படும், திரவம் அழுந்தும், கீழ்ப் பால் சீட்டில் உட்கார்ந்துகொள்ளும், மேல் பால் தூக்கி திரவம் வெளியே போகும். அதே நேரம் ஷாஃப்ட் வலப்பக்க டயாபிராமை நடுப்பக்கமாக இழுக்கிறது. வலப்பக்க அறை பெரிதாகி உள்ளே பிரஷர் குறைகிறது, வெளியே உள்ள வளிமண்டல அழுத்தம் குழியில் இருக்கும் திரவத்தை மேலே தள்ளுகிறது, கீழ்ப் பால் தூக்குகிறது, அறை நிறைகிறது. வலப்பக்கம் போன ஸ்ட்ரோக்கில் இருந்த காற்று சைலன்சர் வழியாகப் புஸ்ஸென்று வெளியேறுகிறது. ஸ்ட்ரோக் முடியும் இடத்தில் டயாபிராமின் உள்பிளேட் பைலட் பின் ஒன்றை முட்டும். அந்தச் சின்ன வால்வு நகர்ந்ததும் காற்று வழி மாறி ஏர் வால்வுக்குள் இருக்கும் பெரிய ஸ்பூல் (வழுக்கி நகரும் உருளை) மறுபக்கம் பாயும். இப்போது காற்று வலப்பக்கம். இப்படியே மாறி மாறி. கரன்ட் கிடையாது, சுற்றும் பாகம் கிடையாது, மெக்கானிக்கல் சீல் கிடையாது.

பலர் கவனிக்காத ஒன்று: தள்ளும் வேலையை ஷாஃப்ட் செய்வதில்லை. காற்று நேராக டயாபிராமின் முழுப் பரப்பிலும் அழுத்துகிறது. உள்ளே 4 பார் காற்று என்றால் வெளியே திரவமும் கிட்டத்தட்ட அதே பிரஷரில் இருக்கும், நடுவில் இருக்கும் ரப்பர் இரண்டுக்கும் இடையே ஒரு தடுப்பு மட்டும்தான். அதனால்தான் வெறும் ரப்பர் தட்டு லட்சக்கணக்கான ஸ்ட்ரோக் தாங்குகிறது. ஷாஃப்ட் சுமப்பது எதிர்ப்பக்கத்தை இழுக்கும் பாரத்தை மட்டுமே.

அடைத்தால் நிற்பதும் இதனால்தான். டெலிவரி வால்வை மூடினால் திரவத்தின் பிரஷர் ஏறி காற்றின் பிரஷருக்குச் சமமாகும், அதற்கு மேல் ஏற வழியே இல்லை. 5 பார் காற்று கொடுத்தால் அதிகபட்சம் 5 பார், அதாவது தண்ணீருக்குக் கிட்டத்தட்ட 50 மீட்டர் உயரம், அதுவும் ஓட்டம் பூஜ்யம் ஆகும்போது. இரண்டும் சமமானதும் பம்ப் அப்படியே நின்றுவிடும், காற்றும் செலவாகாது. வால்வைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். கியர் பம்பையோ ஸ்குரூ பம்பையோ இப்படி மூடினால் ரிலீஃப் வால்வு இல்லாவிட்டால் ஏதாவது ஒன்று உடையும்.

திருப்பூர்_ஈடிபி
விவரம் இதோ அண்ணா. கம்ப்ரஸரில் இருந்து 7 பார் நேராக வருகிறது, ரெகுலேட்டர் இல்லை. டிரையர் நெசவுப் பக்கம் இருக்கிறது, எங்கள் லைன் டிரையருக்கு முன்னாலேயே பிரிகிறது. உள்ளூர் மெக்கானிக் சொன்னதால் வாரம் ஒருமுறை ஏர் ஓஸில் ஆயில் ஊற்றுகிறோம். குழி 3 மீட்டர் ஆழம். சக்‌ஷன் ஒன்றரை இன்ச் பச்சை ஓஸ். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டபின் பிஎச் 10 பக்கம் இருக்கும். டயாபிராம் கறுப்பு ரப்பர், நடுப்பிளேட்டை ஒட்டி வட்டமாகக் கிழிந்திருக்கிறது. திரவம் படும் பக்கம் அலுமினியத்தில் வெள்ளைப் பொடியும் குழிகுழியாக அரிப்பும் இருக்கிறது.

பால்வால்வு
எல்லாம் தெளிவாகிவிட்டது தம்பி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுத்தியல் விஷயம் முதலில். ஏர் வால்வுக்குள் இருக்கும் ஸ்பூல் மிக நெருக்கமான இடைவெளியில் ஓடுவது. தண்ணீரும் பைப் துருவும் வந்தால் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் கையில் கிடைத்த ஆயிலை ஊற்றினால், தொழிற்சாலையில் பூசி அனுப்பிய கிரீஸை அது கழுவிவிட்டு, துருவோடு சேர்ந்து பசையாகிவிடும். இப்போது வரும் பெரும்பாலான பம்புகள் ஆயில் இல்லாமல் ஓட வடிவமைத்தவை. உங்கள் பம்பின் மேனுவலைப் பாருங்கள், கேட்காவிட்டால் ஒரு சொட்டு கூட ஊற்றாதீர்கள். லைனை டிரையருக்குப் பின்னால் இருந்து எடுங்கள். பம்புக்குப் பக்கத்திலேயே ஃபில்டரும் ரெகுலேட்டரும் போடுங்கள், ஃபில்டர் பவுலில் ஆட்டோ டிரெயின் இருந்தால் நல்லது. ஏர் வால்வைக் கழற்றி, துடைத்து, மேனுவலில் சொன்ன கிரீஸைப் பூசி மாட்டுங்கள். அதற்கப்புறம் சுத்தியலை அந்தப் பக்கம் விடாதீர்கள், அலுமினிய பிளாக் கீறல் விட்டால் காற்று உள்ளுக்குள்ளேயே கசிந்து அதனாலேயே நிற்க ஆரம்பிக்கும்.

ஐஸுக்கும் வெளி வெயிலுக்கும் சம்பந்தமில்லை. 7 பாரில் இருக்கும் காற்று ஒரு நொடியில் வெளிக்காற்றின் பிரஷருக்கு விரியும்போது பயங்கரமாகக் குளிரும், எக்ஸாஸ்ட் வாயில் பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும். காற்றில் ஈரம் இருந்தால் அங்கேயே உறையும். சைலன்சர் அடைத்துக்கொண்டால் காற்று வெளியேற முடியாமல் பம்ப் மெதுவாகி நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து உருகி மறுபடி ஓடும். உங்கள் "பாதியில் நிற்பது" பாதி இதுதான். பிரஷரைக் குறைத்தாலே ஐஸ் பெருமளவு போய்விடும், காற்று காய்ந்திருந்தால் மிச்சமும் போகும்.

அடுத்தது டயாபிராம். 2 இன்ச் வாய்க்கு ஒன்றரை இன்ச் ஓஸ், அதுவும் 3 மீட்டர் கீழே இருந்து கெட்டியான ஸ்லட்ஜ். மறுபக்கம் 7 பாரில் காற்று அடிக்கிறது. ஒருபக்கம் வேகமாகத் தள்ளும்போது எதிர்ப்பக்க டயாபிராம் அதே வேகத்தில் இழுக்கப்படுகிறது, ஆனால் திரவம் அந்த வேகத்தில் வந்து சேரவில்லை. ரப்பர் தலைகீழாக உப்பி, பிளேட்டின் விளிம்பில் மடிந்து மடிந்து வட்டமாக அறுபடுகிறது. நீங்கள் சொன்ன கிழிசலின் வடிவம் அதற்குச் சாட்சி. கெமிக்கலால் கெட்டிருந்தால் ரப்பர் ஊதி, வழவழவென்று ஒட்டும். வயதாகிக் கெட்டிருந்தால் வளையும் பகுதி முழுவதும் பொடிப்பொடியான வெடிப்பு இருக்கும். சக்‌ஷனுக்கு 2 இன்ச்சோ அதற்கு மேலோ, உள்ளே கம்பிச்சுருள் வைத்த ஓஸ் போடுங்கள், முடிந்தவரை நீளம் குறைவாக. இந்த பம்புக்கு டெலிவரியை வால்வால் இறுக்கலாம், ஒன்றும் ஆகாது. சக்‌ஷனை மட்டும் இறுக்கவே கூடாது.

கடைசியாக பாடி. அலுமினியம் அமிலத்திலும் கரையும் காரத்திலும் கரையும். பிஎச் 4 முதல் எட்டரை வரைதான் அதன் மேல் இருக்கும் ஆக்சைடு படலம் காப்பாற்றும். உங்களுக்குப் பிஎச் 10, போதாததற்குச் சாயத்தில் போட்ட உப்பு முழுவதும் அந்தத் தண்ணீரில் இருக்கிறது. அரிக்காமல் என்ன செய்யும்? சீட் அரித்துவிட்டால் பால் சரியாக உட்காராது, தள்ளின திரவம் பாதி திரும்பி வரும். அடுத்த பம்ப் வாங்கும்போது பாலிபுரொப்பிலீன் பாடி கேளுங்கள். பிளாஸ்டிக் பாடி வந்தால் போல்ட்டை மாட்டிய அன்றோடு விட்டுவிடாமல் சில நாள் ஓடியபின் மறுபடி மேனுவலில் சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்க வேண்டும், பிளாஸ்டிக் அமுங்கிக் கொடுக்கும்.

கம்ப்ரஸர்_கணக்கு
பால்வால்வு அண்ணன் சொன்ன பழுதுக் காரணங்கள் எல்லாம் சரி. ஆனால் யாரும் இன்னும் கரன்ட் பில்லைப் பற்றிப் பேசவில்லை. கோவையில் எனர்ஜி ஆடிட் செய்கிறேன், ஆலைகளில் கம்ப்ரஸர் ஏன் லோடு இறங்கவே மாட்டேன் என்கிறது என்று தேடிப் போனால் பல இடத்தில் மூலையில் இந்த பம்ப் ஒன்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 200 லிட்டர் தண்ணீரை 2 பார் பிரஷரில் தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி வெறும் 0.67 கிலோவாட். இதற்கு டயாபிராம் பம்ப் சுமார் 30 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 30 கன அடி) காற்று குடிக்கும் என்று வையுங்கள். கம்ப்ரஸர் ஒரு எச்பிக்குத் தோராயமாக 4 சிஎஃப்எம் தரும், ஆக 7.5 எச்பி, அதாவது 5.6 கிலோவாட். நூறு ரூபாய் கரன்டில் பன்னிரண்டு ரூபாய்தான் தண்ணீருக்குப் போகிறது, மீதி கம்ப்ரஸரில் சூடாகவும் சைலன்சரில் சத்தமாகவும் ஐஸாகவும் போகிறது.

தினம் 10 மணி நேரம், வருஷம் 300 நாள் என்றால் 16,800 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 1,34,400 ரூபாய். இதே வேலையை 1.5 கிலோவாட் இழுக்கும் சாதாரண சென்ட்ரிஃப்யூகல் பம்ப் செய்தால் 4,500 யூனிட், 36,000 ரூபாய். ஒரு பம்பில் மட்டும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம். அதனால் முதலாளி சொல்வதை அப்படியே தள்ளிவிடாதீர்கள்.

பால்வால்வு
கணக்கில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை சார், நீங்கள் போட்டது முழு நாளும் ஒரே ஓட்டத்தில் ஓடும் வேலைக்குப் பொருந்தும். அந்தக் கலெக்‌ஷன் டேங்க் பம்ப் அப்படிப்பட்டது. திரவம் தண்ணீர் மாதிரி, உயரம் மாறாது, ஓட்டம் மாறாது. அங்கே ஏர் பம்ப் வைப்பது வீண், தம்பி அதைத் தாராளமாக மாற்றட்டும்.

ஃபில்டர் பிரஸ் வேறு. அங்கே ஆரம்பத்தில் துணி காலி, தடை இல்லை, நிறைய ஓட்டம் வேண்டும், பிரஷர் வேண்டாம். துணியில் ஸ்லட்ஜ் கேக்காகக் கட்டக் கட்ட தடை ஏறும், ஓட்டம் குறையும், கடைசியில் துளித்துளியாகத்தான் போகும், ஆனால் பிரஷர் முழுசாக நிற்க வேண்டும். இந்த பம்பின் இயல்பும் அச்சு அசலாக அதுதான், யாரும் எதையும் திருப்ப வேண்டியதில்லை. ஓட்டம் குறையும்போது காற்றுச் செலவும் குறைகிறது, நின்றபின் செலவே இல்லை. ஆக ஒரு பேட்ச் முழுவதையும் சராசரி எடுத்தால் உங்கள் 30 சிஎஃப்எம் வராது, அதில் ஒரு பகுதிதான் வரும்.

சென்ட்ரிஃப்யூகல் பம்பை இங்கே போட்டால் என்ன ஆகும்? பாலிஎலக்ட்ரோலைட் போட்டுக் கஷ்டப்பட்டுக் கட்டின ஃபிளாக்கை (துகள் திரளை) இம்பெல்லர் அடித்து உடைத்துவிடும். பொடியான துகள் துணியை அடைக்கும். ஸ்குரூ பம்ப் மென்மையாகத்தான் தள்ளும், காற்றைவிடக் கரன்டும் மிச்சம். ஆனால் குழி காலியாகி உலர்ந்து ஓடினால் கொஞ்ச நேரத்தில் ஸ்குரூவைச் சுற்றியுள்ள ஸ்டேட்டர் ரப்பர் கருகிவிடும், பிரஸ் நிறைந்தபின் நிறுத்தாவிட்டால் பிரஷர் ஏறிக்கொண்டே போகும். அதற்கு பிரஷர் ஸ்விட்ச், டிரை ரன் சென்ஸார், விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) எல்லாம் வேண்டும், அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டும். பெரிய சிஇடிபியில் (பல ஆலைகளுக்குப் பொதுவான சுத்திகரிப்பு நிலையம்) அப்படி ஆள் இருப்பார்கள். ராத்திரி ஷிஃப்டில் ஒரே ஒரு ஹெல்பர் பார்க்கும் ஈடிபியில் நான் ஏர் பம்பைத்தான் வைப்பேன்.

கம்ப்ரஸர்_கணக்கு
ஒத்துக்கொள்கிறேன் அண்ணா, பிரஸ்ஸுக்கு உங்கள் வாதம் சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழி காலியான பின்னும் பம்ப் வெறும் காற்றில் படபடவென்று முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அதுதான் அதிகபட்சச் செலவு, தேய்மானமும் அப்போதுதான் அதிகம். உலர்ந்து ஓடினால் கெடாது என்பதற்காக ஓடவிடக் கூடாது. ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், ஏர் லைனில் கரன்டில் மூடித் திறக்கும் ஒரு சோலனாய்டு வால்வு போதும். பெரிய முதலீடு செய்ய முடிந்தவர்கள் இப்போது மோட்டாரில் ஓடும் டயாபிராம் பம்புகளையும் பார்க்கலாம், அவற்றில் சிலது அடைத்தால் நிற்கவும் செய்யும்.

திருப்பூர்_ஈடிபி
அப்படியானால் பிரஸ்ஸுக்கு எவ்வளவு பிரஷர் வைப்பது? நாங்கள் எடுத்ததும் 7 பாரில் திறந்துவிடுகிறோம். கேக் வெளிப்பக்கம் கெட்டியாகவும் நடுவில் கூழாகவும் வருகிறது.

பால்வால்வு
அந்தக் கூழ் அதனால்தான். எடுத்ததும் முழுப் பிரஷர் கொடுத்தால் பொடித்துகள் எல்லாம் துணியின் கண்ணுக்குள் போய் அடித்துக்கொள்ளும், முதல் அடுக்கே இறுகிவிடும், அதற்கப்புறம் தண்ணீர் வெளியேற வழி இல்லை. ஆரம்பத்தில் 2 பார் வையுங்கள். ஃபில்டரேட் (துணியில் வடியும் தண்ணீர்) குழாய்களில் முதலில் கலங்கலாக வந்து அப்புறம் தெளியும். தெளிந்து, ஸ்ட்ரோக் கொஞ்சம் மெதுவானதும் 3 பார். மறுபடி மெதுவானதும் 4. கடைசியில் 5 அல்லது 6, உங்கள் பிரஸ் தாங்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒரு ஸ்ட்ரோக் கூட வரவில்லை என்றால் பேட்ச் முடிந்தது என்று அர்த்தம். முக்கியமானது, பிளேட்டைத் தளர்த்தும் முன் ஏரை மூடி, ஃபீட் லைனின் பிரஷரை டிரெயின் வால்வில் இறக்கிவிடுங்கள். பம்ப் சத்தமில்லாமல் நிற்பதால் லைனில் பிரஷர் இல்லை என்று ஆட்கள் நினைத்துவிடுவார்கள், உள்ளே 5 பார் அப்படியே நின்றுகொண்டிருக்கும். முகத்தில் அடித்தால் கண் போய்விடும்.

கேக் காய்ந்து வருவது அழகுக்காக இல்லை. உள்ளே ஒரு டன் உலர்ந்த திடப்பொருள் இருக்கிறது என்றால், 25 சதவீதக் கேக்கில் அது 4 டன் எடை. 35 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 2.9 டன். அபாயக் கழிவு என்று எடை போட்டுப் பணம் கட்டி அனுப்பும் சரக்கு அது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபின், ஒரு சொட்டுக் கழிவுநீர் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் திறந்தார்கள். அதில் ஸ்லட்ஜ் பக்கம் தடுமாறினால் ஈடிபி முழுவதும் பின்னால் தேங்கும்.

பம்பின் சத்தத்தைக் கவனிக்கப் பழகுங்கள். இரண்டு பக்கமும் சமமாக, டக் புஸ், டக் புஸ் என்று வர வேண்டும். ஒரு புஸ் நீளமாகவும் அடுத்தது சட்டென்றும் வந்தால், ஏதோ ஒரு பாலின் அடியில் நூல்கண்டோ பஞ்சோ சிக்கியிருக்கிறது. சாயப்பட்டறை ஸ்லட்ஜில் நூல் வராமல் இருக்காது, குழிக்கு முன்னால் ஒரு சல்லடைக்கூடை போடுங்கள். அப்புறம், ஒரு சைக்கிளுக்கு எத்தனை லிட்டர் என்று மேனுவலில் இருக்கும். 2 லிட்டர் என்றால், நிமிடத்தில் 60 சைக்கிள் எண்ணினால் 120 லிட்டர். தனியாக ஃப்ளோ மீட்டர் வேண்டியதில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தும் டேங்கில் அளவு குறைவாக வந்தால் பால் சீட் தேய்ந்துவிட்டது.

கப்பல்_இன்ஜின்ரூம்
நல்ல இழை. டேங்கர் கப்பல்களில் வேலை, எங்களுக்கு இது உயிர்நாடி. டெக்கில் எண்ணெய் சிந்தினால் கடலுக்குப் போகாமல் ஸ்கப்பரை (டெக்கின் வடிகால் துளை) அடைத்துவைத்திருப்போம், எண்ணெய் பின்பக்க மூலையில் வந்து சேரும், அதைக் கழிவு எண்ணெய் சேரும் ஸ்லாப் டேங்குக்கு ஏற்ற அங்கே ஏர் பம்ப் எப்போதும் தயாராக மாட்டியிருக்கும். கார்கோ டெக்கில் சாதாரண மோட்டாரைக் கொண்டுபோக முடியாது, தீப்பொறி வந்தால் கப்பலே போய்விடும். காற்றுக் குழாய் இருந்தால் போதும் என்பதால்தான் இது. கலிஃபோர்னியாவில் ஜிம் வில்டன் 1955இல் இந்த இரட்டை டயாபிராம் பம்பைக் கண்டுபிடித்தார், கப்பல்களில் இன்றைக்கும் எந்தக் கம்பெனி பம்பாக இருந்தாலும் வில்டன் பம்ப் என்றுதான் கேட்போம்.

ஆனால் காற்றில் ஓடுவதாலேயே பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது. எண்ணெய் ஓடும்போதே ஸ்டாட்டிக் சேரும். பம்பை டெக்கோடு எர்த் வயரால் இணைத்திருக்கிறோமா என்று ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். டெலிவரி ஓஸை டேங்கின் மேல் வாயில் தொங்கவிட்டு உயரத்தில் இருந்து கொட்டவிடக் கூடாது, அடிவரைக்கும் இறங்க வேண்டும்.

ஓசூர்_பெயின்ட்ஷாப்
கப்பல் அண்ணன் சொன்னதை நூறு தடவை சொல்லலாம். பெயின்ட், தின்னர் எல்லாம் நாங்களும் இதில்தான் ஓட்டுகிறோம். மெட்டாலிக் பெயின்டில் இருக்கும் அலுமினியச் செதில்களை இது அதிகம் நசுக்காது. டெலிவரியில் ஒரு டேம்பனர் போட்டால் துடிப்பு அடங்கி ஸ்பிரே சீராக வரும்.

இரண்டு விஷயம் யாராவது தேடி வந்தால் கண்ணில் படட்டும் என்று எழுதுகிறேன். ஒன்று, எளிதில் தீப்பிடிக்கும் சால்வென்ட்டுக்குச் சாதாரண பாலிபுரொப்பிலீன் பம்ப் கூடாது, அது மின்சாரத்தைக் கடத்தாது, எர்த் வயர் கட்டினாலும் பிரயோஜனமில்லை. உலோகமோ, கடத்தும் வகை பிளாஸ்டிக்கோ வேண்டும். இரண்டு, மெத்திலீன் குளோரைடு, டிரைக்ளோரோஈத்தேன் மாதிரி குளோரின் சேர்ந்த சால்வென்ட்டை அலுமினிய பம்பில் ஒருபோதும் விடாதீர்கள். பிரஷருக்குள் அலுமினியத்தோடு வினைபுரிந்து பம்பே வெடிக்கலாம். மேனுவலின் முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கும், பெயின்ட் உரிக்க மெத்திலீன் குளோரைடு வாங்குபவர்கள் அதைப் படிப்பதில்லை.

கெமிக்கல்_மூன்றாமாண்டு
அப்படியென்றால் ரப்பர் தேர்வு எப்படி? எல்லாவற்றுக்கும் டெஃப்லானே போட்டுவிட்டால் ஆகாதா?

பால்வால்வு
டெஃப்லான் எதற்கும் மசியாது, உண்மைதான். ஆனால் அது ரப்பர் போல வளையாது. ஸ்ட்ரோக் நீளம் குறையும், சக்‌ஷன் இழுக்கும் திறன் குறையும், பின்னால் ஒரு ரப்பர் பேக்கப் வேண்டும், விலையும் கூட. எடுத்ததும் வேகமாக ஓட்டினால் மடிப்பு விழுந்து அங்கேயே விரிசல் விடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம், கலவைச் சால்வென்ட் மாதிரி வேறு வழி இல்லாத இடத்துக்கு அதை வையுங்கள்.

மற்றவை: எண்ணெய், டீசலுக்கு நைட்ரைல். காஸ்டிக் சோடாவுக்கு ஈபிடிஎம் அருமை, ஆனால் அதே ஈபிடிஎம்மில் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். விட்டான் எண்ணெயும் பல சால்வென்ட்டும் தாங்கும், அசிட்டோன், எம்இகே (மெத்தில் எத்தில் கீட்டோன்) பட்டால் போச்சு. தேய்க்கும் ஸ்லட்ஜுக்கு சான்டோபிரீன் (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) நன்றாக உழைக்கிறது, வளையும் ஆயுளும் அதிகம். திருப்பூர் தம்பிக்கு நான் சொல்வது அதுதான்: பாலிபுரொப்பிலீன் பாடி, டயாபிராம், பால் இரண்டும் சான்டோபிரீன். பாடிக்கும் இதே எச்சரிக்கைதான், பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் கெட்டியான அமிலத்துக்கு நல்லது, கெட்டியான காஸ்டிக்குக்கு ஆகாது. பழகின திரவம் என்று நினைத்தாலும் கம்பெனி தரும் கெமிக்கல் சார்ட்டை வெப்பநிலையோடு சேர்த்துப் பாருங்கள்.

திருப்பூர்_ஈடிபி
ரொம்ப நன்றிங்க. முதலாளியிடம் பேசினேன். கலெக்‌ஷன் டேங்குக்கு மோட்டார் பம்ப், பிரஸ்ஸுக்கு இதே ரகத்தில் பிளாஸ்டிக் பாடி, ரெகுலேட்டரோடு. சக்‌ஷனை 2 இன்ச் ஆக்கியாயிற்று, டிரையருக்குப் பின்னால் லைனும் இழுத்துவிட்டோம், ஐஸ் நின்றுவிட்டது. கடைசியாக ஒரு சந்தேகம். சத்தம் காதைக் கிழிக்கிறது என்று எக்ஸாஸ்ட்டில் ஓஸ் மாட்டி வெளியே விடலாமா என்று யோசிக்கிறோம். டயாபிராம் கிழிந்தால் ஸ்லட்ஜ் எங்கே போகும்?

பால்வால்வு
மாட்டலாம், ஆனால் எக்ஸாஸ்ட் வாயைவிடச் சின்ன ஓஸ் கூடாது, நீளம் அதிகமானால் ஒரு சைஸ் பெரிதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் பின்னழுத்தத்தில் வேகம் குறையும். டயாபிராம் கிழிந்தால் திரவம் காற்றுப் பக்கம் வந்து அந்த எக்ஸாஸ்ட் வழியாகத்தான் தெறிக்கும், அதனால் ஓஸின் முனையைச் சாக்கடைப் பக்கமோ பாதையிலோ விடாமல் ஸ்லட்ஜ் குழிக்கே கொண்டுபோய், திரவ மட்டத்துக்கு மேலே, கண்ணில் படும்படி கட்டுங்கள். பம்புக்குக் கொஞ்ச தூரத்தில் ஏர் லைனில் ஒரு என்ஆர்வி (ஒருவழி வால்வு) போடுங்கள். கிழிந்த நேரத்தில் யாராவது ஏரை மூடிவிட்டால் பிரஸ்ஸில் நிற்கும் பிரஷர் ஸ்லட்ஜை ஏர் லைனுக்குள் திருப்பித் தள்ளும், ஃபில்டர், ரெகுலேட்டர் எல்லாம் சகதியாகிவிடும். எக்ஸாஸ்ட்டில் ஈரம் தெரிந்தாலோ, ஃபில்டரேட்டில் திடீரென்று காற்றுக்குமிழி வந்தாலோ, அன்றைக்கே நிறுத்தி டயாபிராமை மாற்றுங்கள். ஒன்று கிழிந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், மற்றதும் அதே அளவு ஓடியதுதான்.